டி-யில் ஒளித்த புள்ளிகள்

யாகப்பு பொய் சொல்லமாட்டார் என்று குருநகரில் எவரும் சத்தியம் பண்ணமாட்டார்கள். பண்ணவும் தேவையில்லை. கடலிலிருந்து கூடை நிறைய மீனோடு கரையேறுகிறவரிடம் "எங்கை அண்ணை பட்டது?" என்று கேட்டால், "உங்கினைதான்", இங்கே பக்கத்தில்தான், என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்ப்பது அங்கே பொய்யில் சேர்த்தியில்லை. அது தொழில் ஒழுக்கம். கேட்டவனுக்கும் உண்மை வராது என்று தெரியும். கேட்காமல் விட்டால் மரியாதையில்லை என்பதற்காகக் கேட்டுவைப்பான். யாகப்புவின் "உங்கினை"க்குள் நெடுந்தீவுக்கு அப்பாலுள்ள கடல் முழுவதும் அடங்கும்.

விஷயம் இதுதான். கடலுக்கு அடியில் கல் இருக்கிறது, மீன் அடையும் பார் இருக்கிறது, எப்போதோ மூழ்கிய இரும்பு இருக்கிறது. கல் எங்கே என்று தெரிந்தவனுக்கு மீன் கிடைக்கும். தெரியாதவனுக்கு வலை கிழியும். சண்டைக்காலத்தில் கரையை விட்டுத் தூரம் போகவிடவில்லை. கோயில் கோபுரத்தையும் தண்ணீர்த் தாங்கியையும் ஒரே நேரில் பிடித்து இடத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள். சண்டை முடிந்து கடல் திறந்தபோது, கரை கண்ணுக்கே தெரியாத தூரத்துக்குப் போகவேண்டி வந்தது. அங்கே கோபுரத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் கைக்குள் அடங்கும் ஜி.பி.எஸ். வந்தது. நல்ல இடமொன்று அகப்பட்டால் ஒரு பொத்தானை அழுத்தவேண்டியதுதான், அந்தப் புள்ளி அதற்குள் பதிந்துவிடும்.

யாகப்பு தன் புள்ளிகளுக்கெல்லாம் புனிதர்களின் பெயரை வைத்தார். எந்தத் திருநாளை ஒட்டி அகப்பட்டதோ அந்தப் புனிதர். செபஸ்தியாரில் பாரை மீன், சூசையப்பரில் விளை மீன், மடுமாதாவில் என்ன கிடைக்கும் என்று அவர் மனைவிக்கே சொன்னதில்லை. கூடப்போகிற ஆட்களுக்கும் தெரியாது. புள்ளியை நெருங்கினால் கருவியைச் சட்டைக்குள் விட்டுவிடுவார்.

அவருடைய புள்ளிகளைப் பார்த்த ஒரே ஆள் மகன் சுரேஸ். பிரான்சுக்குப் போவதற்கு முதல் அவன்தான் அவற்றைக் கருவியிலிருந்து எடுத்து வீட்டுக் கணினியில் ஏற்றிவைத்தான்.

"அப்பா, உங்கடை ஜி.பி.எஸ். கடலுக்குள்ளை விழுந்தாலும் இது இருக்கும். டி-யுக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்கிறன். புதுசா விண்டோஸ் அடிக்கிறவங்கள் சி-யைத்தான் அழிப்பாங்கள். டி-யிலை ஒருத்தனும் கை வைக்கமாட்டான்."

சி என்றால் என்ன, டி என்றால் என்ன என்று யாகப்பு கேட்கவில்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டு அறை என்று விளங்கிக்கொண்டார். டி-யில் ஒருவனும் கை வைக்கமாட்டான் என்ற வசனத்தை மட்டும் ஞானோபதேசம் போல மனப்பாடம் பண்ணிவைத்தார்.

மகன் வாய் வைத்ததுபோலவே நடந்தது. வலை இழுக்கும்போது அலையொன்று படகைத் தூக்கிப் போட, ஜி.பி.எஸ். கட்டியிருந்த நூல் அறுந்து கடலோடு போனது. அதற்குப் பிறகு போன முதல் பயணத்திலேயே, தன் உள்ளங்கையைப் போலத் தெரிந்த கல்லென்று நினைத்திருந்த ஒன்றில் வலையைக் கொடுத்துப் பாதியோடு திரும்பினார். கருவி இல்லாமல் அவருக்குக் கடல் தெரியவில்லை. அந்த உண்மை கிழிந்த வலையை விட அதிகமாக நெஞ்சில் குத்தியது. புதுக் கருவி வாங்கிவிட்டார். உள்ளே புள்ளிகள் வேண்டும். அவை கணினியில் இருக்கின்றன. கணினியோ எழும்பமாட்டேன் என்கிறது.

அதற்கும் ஒரு கதை உண்டு. போன வருஷம் கணினி மந்தமாகிவிட்டது என்று மகள் லவீனா முறையிட்டபோது, மனைவியின் தமையன் மகன் றமேஸ் வந்து புது விண்டோஸ் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான். பழையதை அகற்றவில்லை. அழித்தால் ஏதாவது போய்விடும், பிறகு மாமியிடம் பேச்சு வாங்கவேண்டும் என்ற பயம். அன்றிலிருந்து கணினியைப் போட்டால் ஒரே பெயரில் இரண்டு விண்டோஸைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டது. லவீனா ஒன்றைத் தொட்டால் அவளுடைய பாடங்கள் இருக்கும், மற்றதைத் தொட்டால் இருக்காது. போன கிழமை இரண்டும் ஒன்றையொன்று நெரித்து, இடமில்லாமல் மூச்சடங்கிப் படுத்துவிட்டன.

குருநகரில் கணினி திருத்துகிறவர்கள் இல்லாமலில்லை. ஆனால் திருத்துகிற ஒவ்வொருவனுக்கும் படகு வைத்திருக்கும் ஒரு சித்தப்பனோ மாமனோ இருந்தான். யாகப்பு பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, வலைக் கயிற்றால் சைக்கிள் கரியரில் கட்டி, சோனகதெருவுக்கு உழக்கினார்.

அங்கே மர்ழியாவின் கடை இருந்தது. தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து, கையில் கிடைத்ததோடு துரத்தப்பட்ட குடும்பம் அவளுடையது. அவள் பிறந்தது, படித்தது, கணினி பழகியது எல்லாம் புத்தளத்தில். கலியாணம் முடித்துத் திரும்பி வந்து, கூரையில்லாமல் கிடந்த பாட்டனாரின் வளவைத் திருத்தி, முன்னறையில் கடை போட்டிருந்தாள். பேச்சு யாழ்ப்பாணம்தான், இடையிடையே புத்தளம் எட்டிப் பார்க்கும். கைராசிக்காரி என்று பலர் சொன்னார்கள். யாகப்புவுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். அவளுடைய பரம்பரையில் ஒருவரும் கடலுக்குப் போனதில்லை. அதுதான் அவர் தேடிய தகைமை.

மர்ழியா பெட்டியைக் கழற்றித் தூசி தட்டி, தன் பென்ட்ரைவைச் செருகிப் பார்த்தாள்.

"அண்ணை, இதுக்குள்ள ரெண்டு விண்டோஸ் கிடக்கு. ஒண்டையொண்டு மிதிச்சுக்கொண்டு நிக்குது. ரெண்டையும் சுத்தமா அழிச்சிட்டு ஒண்டை மட்டும் அடிச்சுத் தரட்டா?"

"ஓம் தங்கச்சி, அப்பிடியே செய்யுங்கோ."

"எடுத்து வைக்க ஏதும் இருக்கா?"

"இல்லை" என்றார் யாகப்பு. மனத்துக்குள் டி-யை நினைத்துக்கொண்டார். ஒருவனும் கை வைக்காத இடத்தைப்பற்றி இவளிடம் ஏன் கதைக்கவேண்டும்? உண்டென்று சொன்னால் என்னவென்று கேட்பாள். என்னவென்று சொன்னால் பார்ப்பாள். பார்த்தால் யாரிடமாவது சொல்வாள். வேலை முடிந்து பெட்டி வீட்டுக்கு வந்தபிறகு சுரேஸை வீடியோவில் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் செபநாயகம் உள்ளே வந்தார்.

குருநகரில் யாகப்புவுக்கு அடுத்த படகு செபநாயகத்தினுடையது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்கு, ஒரே நாளில் உறுதிபூசுதல் பெற்றவர்கள். பல வருஷங்களுக்கு முன் செபநாயகத்தின் வலை யாகப்புவின் வலைக்கு மேலே வந்து விழுந்து, சிக்கெடுக்க முடியாமல் யாகப்பு கத்தியை எடுத்தார். எதை வெட்டினார், எவ்வளவு வெட்டினார் என்பதில் இருவரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. கோயிலில் சமாதானம் சொல்லும்போது மட்டும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவார்கள், அதுவும் சுவாமியார் பார்க்கிறார் என்பதற்காக. அப்படிப்பட்ட மனிதர் மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு, சுவரோரக் கதிரையில் இருந்தார்.

"உங்களுக்கு என்ன அண்ணை?" என்றாள் மர்ழியா.

"எனக்கு அவசரமில்லை. உவற்றை வேலை முடியட்டும்."

யாகப்பு ஓரக்கண்ணால் அந்தப் பையைப் பார்த்தார். இந்த மனிதனுக்கு சோனகதெருவில் என்ன வேலை? மோப்பம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

மர்ழியா திரையைப் பார்த்தபடி உச்சுக் கொட்டினாள். "சீ, பாருங்கண்ணை. ரெண்டாவது விண்டோஸைக் கொண்டுபோய் டி-யுக்குள்ள போட்டிருக்காங்க. சி-யை மட்டும் அழிச்சால் காணாது. டி-யையும் சேர்த்து அழிச்சு, முழுசையும் ஒண்டாக்கித்தான் அடிக்கணும்."

யாகப்பு எட்டித் திரையைப் பார்த்தார். காதுக்குள் கடல் இரைந்தது. மனப்பாடம் பண்ணிய ஞானோபதேசம் ஒரு நொடியில் பொய்யாகிவிட்டது. செபஸ்தியார், சூசையப்பர், மடுமாதா, எல்லாரும் அந்த டி-யுக்குள் இருக்கிறார்கள். வேறெங்கும் இல்லை.

"டி-யையோ?" என்றார்.

"ஓம். இல்லாட்டி உந்த ரெட்டை திரும்ப வரும்."

"கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி."

அவள் திரும்பிப் பார்த்தாள். சுவரோரத்தில் இருந்த செபநாயகமும் பார்த்தார். யாகப்புவின் வாய்வரை வந்தது அங்கேயே நின்றுவிட்டது. சொன்னால் மர்ழியா தேடுவாள். தேடினால் திரையில் திறக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷம் உப்புத் தண்ணீர் குடித்துச் சேர்த்த கடல், செபநாயகத்தின் கண்ணுக்கு முன்னால் விரியும். சொல்லாவிட்டால் அது ஒருவருக்கும் இல்லாமல் போகும்.

"மகளின்ரை படங்கள்" என்றார் கடைசியில். "கோயிலிலை முதல் நன்மை எடுத்த படங்கள் கிடக்கு."

மர்ழியா அலுத்துக்கொள்ளாமல் தேடினாள். டி-யைத் திறந்தபோது மஞ்சள் உறைகள் வரிசையாக வந்தன. யாகப்பு கதிரையை இழுத்துத் திரைக்கும் செபநாயகத்துக்கும் நடுவில் போட்டார். எந்த உறைக்குள் தன் கடல் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. பாட்டு, சினிமா, லவீனாவின் விஞ்ஞானம், றமேஸ் கொண்டுவந்து கொட்டிய விளையாட்டுகள். மகன் ஒளித்து வைத்ததாகச் சொன்னான். நல்ல பிள்ளை, சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தான். ஒளித்தது ஒளித்தபடியே இருந்தது. வெள்ளை உடுப்போடு மெழுகுதிரி பிடித்து நின்ற லவீனாவின் படங்கள் மட்டும் பென்ட்ரைவுக்குள் போய்ச் சேர்ந்தன.

"வேற ஏதும் இருக்கா அண்ணை? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது பழைய மாதிரிச் சுத்துற டிஸ்க் இல்ல. இதுல அழிச்சால் அழிச்சதுதான், பிறகு தோண்டி எடுக்க ஏலாது."

"இல்லை."

"உண்மையா இல்லையா?"

செபநாயகம் தொண்டையைச் செருமினார். வேண்டுமென்றே செருமினாரா, தானாக வந்ததா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"இல்லையெண்டால் இல்லைத்தானே தங்கச்சி" என்றார் யாகப்பு. மூன்றாம் தரமும் மறுத்தாயிற்று. கோழி கூவாததுதான் குறை.

மர்ழியா பென்ட்ரைவை மாற்றிச் செருகினாள். திரை நீலமாகி, பெட்டிக்குள் இருந்த அறைகள் வரிவரியாக வந்தன. யாகப்பு எழுந்தார். "ஒரு போன் எடுக்கவேணும்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

வெயில் முகத்தில் அடித்தது. சுரேஸின் இலக்கத்தை அழுத்தினார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பாரிசில் அவன் இந்நேரம் உணவகச் சமையற்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருப்பான். கழுவுகிற கையால் எப்படிப் போன் எடுப்பது? மறுபடி அழுத்தினார். யாருமில்லை. தலையை நிமிர்த்தியபோது கடைப் பலகை கண்ணில் பட்டது. மர்ழியாவின் பெயருக்குக் கீழே அவளுடைய இலக்கம் இருந்தது.

அப்போது அவருக்கு வந்த யோசனை இன்னும் ஐந்து நிமிஷம் முந்தி வந்திருக்கலாம். வெளியே நின்று அவளுக்குப் போன் எடுத்தால், செபநாயகத்துக்குக் கேட்காமல் விஷயத்தைச் சொல்லிவிடலாம். பலகையைப் பார்த்துப் பார்த்து இலக்கத்தை அழுத்தினார். கண்ணாடிக் கதவுக்குள்ளால் பார்த்தார். மேசையில் அவளுடைய போன் நடுங்கியது. எடு தங்கச்சி. எடு. அவளுடைய கை மவுஸில் இருந்தது. வேலையில் இருக்கிறவர்கள் செய்கிறபடி அவளும் செய்தாள். முதலில் கைவேலையை முடித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"நான்தான். வெளியிலை நிக்கிறன்."

அவள் திரும்பிக் கண்ணாடிக்குள்ளால் அவரைப் பார்த்தாள். "என்னண்ணை, உள்ள வந்து சொல்லலாமே?"

"தங்கச்சி, டி-யுக்குள்ளை ஒரு சாமான் கிடக்கு. அதை அழிக்காதையுங்கோ."

அவள் போனைக் காதில் வைத்தபடியே திரையைப் பார்த்தாள். அவள் பதில் சொல்வதற்கு முன்பே யாகப்புவுக்கு விளங்கிவிட்டது. அவளுடைய தோள்கள் இறங்கியதைக் கண்டார்.

"அழிச்சாச்சு அண்ணை. ரெண்டையும் அழிச்சு ஒண்டாக்கி, புதுசு ஏறத் தொடங்கிட்டுது."

யாகப்பு கடைக்குள் எப்படி வந்தார் என்று பிறகு அவருக்கு ஞாபகமில்லை. கதிரையில் இருந்தார். திரையில் விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பத்து வீதம், பதினொரு வீதம். ஒவ்வொரு வீதத்துக்கும் ஒரு புனிதர் தாழ்ந்துபோவதாக அவருக்குத் தோன்றியது.

"நான் எத்தினை தரம் கேட்டனான்?" என்றாள் மர்ழியா. கோபமாகக் கேட்கவில்லை. "ஏன் அண்ணை ஒரு சொல்லுச் சொல்லேல்ல?"

அடுத்துக் கேட்டது செபநாயகம். "என்னடாப்பா, என்ன போச்சு?"

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? ஒளிக்கச் சாமான் இருந்தால்தானே ஒளிக்கலாம். "புள்ளியெல்லாம் போச்சு" என்றார் யாகப்பு. "ஜி.பி.எஸ். கடலோடை போச்சு. இதுக்குள்ளை இருந்ததும் போச்சு. நீ முன்னாலை இருந்தாய் எண்டு நான் வாயைத் திறக்கேல்லை. இப்ப உனக்குச் சந்தோசம்தானே?"

செபநாயகம் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தார்.

"என்னட்டை இருக்கு" என்றார்.

"என்ன இருக்கு?"

"உன்ரை புள்ளியள். எல்லாம். வீட்டிலை அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழை ஒரு பென்ட்ரைவிலை கிடக்கு. உன்ரை சுரேஸ் பிரான்சுக்குப் போகேக்கை தந்திட்டுப் போனவன்."

யாகப்புவுக்கு முதலில் வந்தது நன்றியில்லை. உச்சந்தலைவரை ஏறிய கோபம்தான் வந்தது. பெற்ற பிள்ளை, ஊரில் வேறு ஆளே இல்லாததுபோல இவனிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் நீ என்ரை புள்ளியிலை வலை விட்டுக்கொண்டோ திரிஞ்சனி?"

"விட்டிருந்தால் உனக்குத் தெரியாதோ?"

தெரிந்திருக்கும். ஒரு பாரில் வேறொருவன் கை வைத்தால், அடுத்த பயணத்திலேயே வலை சொல்லிவிடும். செபஸ்தியாரில் இந்த வருஷமும் மீன் குறையவில்லை. யாகப்பு குரலை இறக்கினார்.

"ஏன் உன்னட்டைத் தந்தவன்?"

"நானும் கேட்டனான். 'அப்பா ஒரு நாளைக்குத் திரும்பி வராட்டில், எங்கை தேடுறதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது மாமா. அவர் ஒருத்தருக்கும் சொல்லமாட்டார். நானும் இஞ்சை இல்லை' எண்டான். சினேகிதர்மாரிட்டைக் குடுத்தால் அடுத்தநாளே வலையைக் கொண்டுபோய் விட்டிடுவாங்களாம். உங்களுக்கும் அப்பாவுக்கும் கோவம், நீங்கள் ரோசத்துக்காவது தொடமாட்டியள் எண்டு சொல்லித்தான் தந்தவன்."

மர்ழியா மவுஸைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாகப்பு மெல்ல மறுபடி கதிரையில் இருந்தார். போன மாரியில், இயந்திரம் பழுதாகிக் கடலில் கிடந்த விடியற்புறத்தில், முதலில் கண்ட வெளிச்சம் செபநாயகத்தின் படகுடையது. அந்தப் பக்கம் தொழிலுக்கு வந்ததாகத்தான் அவர் அன்று சொன்னார். உங்கினைதான் என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார். யாகப்பு கரை திரும்பவில்லையென்று, பென்ட்ரைவைப் பார்த்துத்தான் நேராகச் சூசையப்பருக்கு வந்திருக்கிறார். அதை விளங்கிக்கொள்ள யாகப்புவுக்கு இவ்வளவு காலம் பிடித்தது. வெட்கம் வந்தது. கண்ணும் கலங்கியது. அதைத் துடைக்க அவர் கையை எடுக்கவில்லை.

திரை ஒருமுறை கறுத்து, மறுபடி வெளிச்சமானது. எது வேண்டும் என்று இந்தத் தடவை அது கேட்கவில்லை. நேரே திறந்தது.

"இனி ஒண்டுதான்" என்றாள் மர்ழியா.

"செபநாயகம்" என்றார் யாகப்பு. "நீ திரும்பி வராட்டில்?"

"என்ன?"

"உன்ரை புள்ளியள் ஆரிட்டை இருக்கு? உன்னை நாங்கள் எங்கை தேடுறது?"

செபநாயகத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. பெண்பிள்ளைகள் இருவரும் கலியாணம் முடித்து மானிப்பாயிலும் கனடாவிலும் இருந்தார்கள். அவர் பையின் முடிச்சை அவிழ்த்தார். பொலித்தீனில் சுற்றிய அவருடைய ஜி.பி.எஸ். உள்ளே இருந்தது.

"அதுக்குத்தான் நானும் இஞ்சை வந்தனான்" என்றார். "பிரதி ஒண்டு எடுப்பம் எண்டு. எங்கடை பக்கத்துக் கடையளிலை குடுக்கப் பயம். எடுத்து ஆரிட்டைக் குடுக்கிறதெண்டுதான் தெரியேல்லை. நீ எப்ப எழும்பிப் போவாய் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்."

பொலித்தீனைப் பிரித்துக் கருவியை மேசையில் வைத்தார். அதைத் தொட்ட கையை உடனே எடுத்துவிட மனம் வராமல் சிறிது நேரம் அங்கேயே வைத்திருந்தார். பிறகு எடுத்தார்.

"இதிலை இருக்கிறதை உவன்ரை பெட்டியிலை போட்டுவிடுங்கோ தங்கச்சி."

மர்ழியா வயரைத் தேடி எடுத்துச் செருகினாள். புள்ளிகள் திரையில் ஏறத் தொடங்கியதும், யாகப்பு எழுந்து தன் கதிரையைத் தூக்கித் திருப்பிப் போட்டார். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லாம் ஏறி முடியும்வரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.